மூக்கு வழியாகப் பிட்யூட்டரிக்கு: நுண்ணோக்கியும் எண்டோஸ்கோப்பும்

பிட்யூட்டரியில் கட்டி இருக்கிறது என்று எம்.ஆர்.ஐ. அறிக்கை வந்த வீட்டில், முதல் அதிர்ச்சி அடங்கியதும் ஒரு கேள்வி எழும்: "எண்டோஸ்கோப்பில் செய்கிற ஆஸ்பத்திரியாகப் பார்த்துப் போய்விடலாமா?" கேட்பவர் அதற்குள் யூடியூபில் நாலைந்து வீடியோ பார்த்திருப்பார். நுண்ணோக்கி பழையது, எண்டோஸ்கோப் புதியது, புதியதுதான் நல்லது என்று மனதில் தீர்மானம் ஆகியிருக்கும். அந்தத் தீர்மானம் முழுக்கத் தவறில்லை. ஆனால் யாருக்கு, எந்தக் கட்டிக்கு, எவ்வளவு நல்லது என்று ஆராயத் தொடங்கினால் கருவியைப் பற்றிய கேள்வி மெல்ல மெல்லக் கருவியைப் பிடித்திருக்கும் கையைப் பற்றியதாக மாறிவிடுகிறது.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். பிட்யூட்டரியின் எடை ஏறக்குறைய அரை கிராம். அகலம் ஒன்றரை சென்டிமீட்டருக்குள். மூளையின் அடியில் ஒரு காம்பில் தொங்கி, ஸ்பீனாய்டு எலும்பில் 'துருக்கிச் சேணம்' என்று உடற்கூறியலார் பெயர் வைத்த குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. வளர்ச்சி ஹார்மோன், புரோலாக்டின், அட்ரீனலையும் தைராய்டையும் இனப்பெருக்கச் சுரப்பிகளையும் ஏவும் ஹார்மோன்கள் எல்லாம் அதன் முன்பகுதியிலிருந்து வருகின்றன. சிறுநீரின் அளவைக் கட்டுப்படுத்தும் வாசோப்ரெஸ்ஸின் பின்பகுதியிலிருந்து வருகிறது. சுரப்பிக்கு நேர் மேலே இரு கண்களின் பார்வை நரம்புகளும் குறுக்கிட்டுச் செல்கின்றன. இருபுறமும் கேவர்னஸ் சைனஸ் என்னும் சிரை அறைகள். அவற்றுக்குள் மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனியும் கண்ணை அசைக்கும் நரம்புகளும். இத்தனை ஆபத்தான அக்கம்பக்கத்தில் ஒரே ஒரு சலுகை உண்டு. குழியின் முன்னும் கீழும் இருப்பது ஸ்பீனாய்டு சைனஸ், வெறும் காற்றறை. அது மூக்கின் பின்புறத்தில் திறக்கிறது. பிட்யூட்டரி அறுவையின் நூற்றுச் சொச்சம் ஆண்டு வரலாறு முழுவதும் இந்தச் சலுகையை எப்படிப் பயன்படுத்திக்கொள்வது என்பதைப் பற்றியதுதான்.

இந்தக் கட்டிகள் நாம் நினைப்பதைவிடப் பரவலானவை. வேறு காரணத்தால் இறந்தவர்களின் பிட்யூட்டரியைத் துருவிப் பார்த்தால் பத்தில் ஒருவருக்காவது சிறு கட்டி இருக்கிறது. அவர்களுக்கு அது தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. நோயாக வெளிப்படுபவை சுமார் ஆயிரத்தில் ஒருவருக்கு என்று பெல்ஜியத்தின் லியேஜ் பகுதியில் வீடு வீடாகக் கணக்கெடுத்ததுபோல் நடந்த ஓர் ஆய்வு 2006இல் சொன்னது. பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. பத்து மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மைக்ரோ அடினோமா, அதற்கு மேல் மேக்ரோ அடினோமா. நான்கு சென்டிமீட்டரைத் தாண்டினால் ராட்சதக் கட்டி. அளவைவிட முக்கியமான பிரிவு இன்னொன்று: ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரப்பவை, சுரக்காதவை.

சுரக்காத கட்டி சத்தமில்லாமல் வளர்ந்து பார்வை நரம்பை அழுத்தும். இரு கண்ணிலும் வெளிப்பக்கப் பார்வை மங்கும். நேராகப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். கதவு நிலையில் தோள் இடிக்கும், பக்கவாட்டில் வரும் பைக் தெரியாது. இவர் கண் மருத்துவரிடம் போவார், கண்ணாடி மாறும், இடிப்பது நிற்காது. வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும் அக்ரோமெகலியில் மோதிரம் விரலில் ஏறாது, செருப்பின் அளவு கூடும், தாடை நீளும், பற்களுக்கிடையே இடைவெளி விழும், குறட்டை, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். மாற்றம் அவ்வளவு மெதுவாக வருவதால் கூடவே இருக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தெரியாது. பல வருடம் கழித்து வரும் உறவினர்தான் "என்னய்யா, முகமே மாறிப்போச்சு" என்பார். நோய் தொடங்கிக் கண்டுபிடிக்க ஐந்து முதல் பத்து ஆண்டுகள் ஆவது உலகெங்கும் வழக்கம். குஷிங் நோயில் கார்ட்டிசால் கூடி முகம் வட்டமாகும், வயிற்றில் ஊதாக் கோடுகள் விழும், எலும்பு மெலியும், தொடைத் தசை வலுவிழந்து தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. இதை உண்டாக்கும் கட்டி பல நேரம் ஐந்தாறு மில்லிமீட்டர்தான். சில சமயம் எம்.ஆர்.ஐ.யில் தென்படவே தென்படாது.

நான்காவது வகையை இந்த விவாதத்திலிருந்து ஏறக்குறைய விலக்கிவிடலாம். அது புரோலாக்டின் சுரக்கும் கட்டி. மாதவிடாய் நின்று, கர்ப்பமில்லாமலே பால் சுரந்து, குழந்தையின்மை சிகிச்சைக்குப் போன இடத்தில் கண்டுபிடிக்கப்படுவது. இதற்குக் கத்தி முதல் மருந்தல்ல. 1970களில் புரோமோகிரிப்டினும் பிறகு கேபர்கோலினும் வந்தபின் மாத்திரையிலேயே பெரும்பாலான கட்டிகள் சுருங்கிவிடுகின்றன. மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்கள், கேட்காதவர்கள், சிறு கட்டியை ஒரேயடியாக எடுத்துவிட விரும்புகிறவர்கள் ஆகியோரே மேசைக்கு வருகிறார்கள். ஆகவே, பிட்யூட்டரிக் கட்டி என்று சொல்லி, புரோலாக்டின் அளவைப் பார்க்காமலே அறுவைக்குத் தேதி கொடுக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது.

இனி வரலாறு. இதைச் சற்று நின்று பார்க்கலாம். இன்றைய விவாதத்தின் பாதி அங்கேயே நடந்து முடிந்திருக்கிறது.

பியர் மரி பாரிசில் அக்ரோமெகலிக்குப் பெயர் சூட்டியது 1886இல். லண்டனில் விக்டர் ஹார்ஸ்லி 1889இல் மண்டையோட்டைத் திறந்து பிட்யூட்டரியை அணுகினார். மூளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடியில் எட்டிப் பார்க்கும் அந்த வழியில் அன்றைக்கு இறந்தவர்கள் மிக அதிகம். 1907 மார்ச்சில், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில், ஹெர்மன் ஷ்லோஃபர் வேறு திசையிலிருந்து வந்தார். மூக்கை அடியோடு வெட்டிப் பக்கவாட்டில் மடித்துவைத்து, உள்ளிருக்கும் எலும்புகளை அகற்றி, ஸ்பீனாய்டு சைனஸ் வழியாகக் கட்டியை எட்டினார். நோயாளி சில வாரம் தேறி, இரண்டரை மாதத்தில் இறந்தார். பிணப் பரிசோதனையில் மேலே பெரிய மிச்சம் இருந்தது. கீழிருந்து போகிறவருக்கு மேலே இருப்பது தெரியவில்லை. இந்த ஒரு குறை அடுத்த எண்பது ஆண்டுகள் தொடர்ந்தது.

முகத்தைச் சிதைக்காமல் போகும் வழியை வியன்னாவின் ஆஸ்கர் ஹிர்ஷ் 1910இல் காட்டினார். அவர் காது மூக்கு தொண்டை மருத்துவர். கோகெயின் மரத்துணர்ச்சியில், நோயாளி விழித்திருக்க, மூக்குத் துவாரத்துக்குள்ளேயே வேலை முடிந்தது. அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் ஹார்வி குஷிங் மேலுதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேலே கீறி, மூக்கின் நடுச்சுவரை ஒட்டிச் செல்லும் பாதையை வகுத்தார். 1910 முதல் 1925 வரை 231 அறுவைகள், மரணம் 5.6 விழுக்காடு. ஆன்டிபயாடிக் இல்லை, கார்ட்டிசோன் இல்லை, தலையில் கட்டிய விளக்கு மட்டும். அந்தக் காலத்துக்கு இது நம்ப முடியாத எண்.

பிறகு குஷிங்கே அந்தப் பாதையைக் கைவிட்டார். மண்டை திறக்கும் அறுவையில் அவருடைய கை தேர்ந்துவிட்டது. மேலிருந்து போனால் பார்வை நரம்பைக் கண்ணால் பார்த்தே விடுவிக்கலாம். கட்டி திரும்ப வருவதும் குறைவு. நியாயமான காரணங்கள். ஆனால் விளைவு விபரீதமானது. குஷிங் விட்டார் என்பதால் உலகமே விட்டது. முப்பது ஆண்டுகளுக்குமேல் மூக்குப் பாதை பாடப்புத்தகத்தின் பழைய பக்கமாகக் கிடந்தது. இந்தியாவில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி 1949இலும், சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி 1950இலும் நரம்பியல் அறுவையைத் தொடங்கியபோது, உலகின் பொது வழக்கம் மண்டை திறப்பதுதான். ஒரு பெரிய மனிதரின் விருப்பம் ஒரு துறையின் விதியாகிவிடுவது மருத்துவத்தில் புதிதல்ல.

பாதையை மறக்காதவர்கள் சிலர் இருந்தார்கள். ஹிர்ஷ் நாஜிகளிடமிருந்து தப்பி பாஸ்டனுக்குப் போய் அங்கும் தொடர்ந்தார். எடின்பரோவின் நார்மன் டாட் 1920களில் குஷிங்கிடம் பயின்றவர். குருவே விட்ட பிறகும் சீடர் விடவில்லை. மூக்கை விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலத்தின் நுனியில் விளக்கைப் பொருத்திக்கொண்டு செய்துவந்தார். 1956இல் டாட்டைப் பார்க்க வந்த பாரிசின் ஜெரார் கியோ அதைக் கற்றுக்கொண்டு போய், அறுவை நடக்கும்போதே பக்கவாட்டு எக்ஸ்ரே படத்தைத் திரையில் பார்க்கும் முறையைச் சேர்த்தார். கருவியின் நுனி எங்கே நிற்கிறது என்று முதன்முறையாக உறுதியாகத் தெரிந்தது. கியோவிடம் பயின்ற ஜூல் ஹார்டி மான்ட்ரியலுக்குத் திரும்பி, 1960களின் நடுவில் அறுவை நுண்ணோக்கியைக் கொண்டுவந்தார். குஷிங், டாட், கியோ, ஹார்டி என்று கைமாறி வந்த வித்தை இது. நடுவில் ஒரு கண்ணி அறுந்திருந்தால் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கியிருக்க வேண்டும்.

ஹார்டியின் சாதனை பெரிதாக்கிப் பார்த்தது மட்டுமல்ல. பரவிய மார்பகப் புற்றுக்காக நோயில்லாத பிட்யூட்டரியையே முழுதாக எடுத்துவிடும் வழக்கம் அந்நாளில் இருந்தது. நல்ல சுரப்பி நுண்ணோக்கியின் வெளிச்சத்தில் எப்படி இருக்கும் என்று அவருடைய கண்ணுக்குப் பழகியது. ஆரோக்கியமான முன்பகுதி மஞ்சளும் ஆரஞ்சும் கலந்து இறுக்கமாக இருக்கும். கட்டி சாம்பலும் வெள்ளையுமாகக் குழைந்திருக்கும். இந்த வேறுபாடு தெரிந்ததும், சுரப்பியை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் பிரித்தெடுப்பது சாத்தியமானது. எக்ஸ்ரேயில் சேணம் விரிந்திராத நோயாளியின் சுரப்பிக்குள்ளும் சில மில்லிமீட்டர் கட்டி ஒளிந்திருக்கலாம், அதை மட்டும் எடுத்தால் நோய் குணமாகலாம் என்பதை அவர் காட்டினார். மைக்ரோ அடினோமா என்ற கருத்தே அப்படித்தான் நிலைபெற்றது. அறுவையின் நோக்கம் அழுத்தத்தைக் குறைப்பதிலிருந்து ஹார்மோனைச் சீராக்குவதற்கு மாறியது நுண்ணோக்கியால்தான். இதை எண்டோஸ்கோப் தலைமுறை சில நேரம் மறந்துவிடுகிறது.

நுண்ணோக்கி அறுவையில் மருத்துவர் மேலுதட்டின் உட்புறத்திலோ மூக்குத் துவாரத்திலோ கீறி, நடுச்சுவரின் சவ்வைப் பிரித்து, இரண்டு தகடுள்ள ஸ்பெகுலத்தை உள்ளே செலுத்தி விரிக்கிறார். நேரான சுரங்கம் ஒன்று கிடைக்கிறது. மேசைக்கு வெளியே நிற்கும் நுண்ணோக்கி முப்பது சென்டிமீட்டர் தூரத்திலிருந்து அதற்குள் ஒளியைப் பாய்ச்சுகிறது. இரு கண்ணாலும் பார்ப்பதால் ஆழம் தெரிகிறது. கருவியை யாரும் பிடிக்க வேண்டியதில்லை, இரு கையும் வேலைக்குக் கிடைக்கின்றன. கை தேர்ந்தவர் ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுவார். குறை, ஷ்லோஃபர் பார்த்த அதே குறைதான். ஒளி நேர்கோட்டில்தான் போகும். சுரங்கத்தின் கோட்டில் இருப்பது பளிச்சென்று தெரியும். பக்கங்களும் மேல் மூலைகளும் தெரியாது. கியூரெட் என்னும் வளைந்த சுரண்டுகருவியை அந்த மூலைகளுக்குள் விட்டு, கண்ணால் பாராமல் விரலின் உணர்வில் சுரண்ட வேண்டும். கிணற்று மேட்டில் நின்று டார்ச் அடித்துப் பார்ப்பவருக்கும் விளக்கோடு உள்ளே இறங்கியவருக்கும் உள்ள வேறுபாடு இதில்தான் இருக்கிறது.

இறங்குவதற்கான கருவி வேறொரு துறையில் உருவானது. பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஹெரால்ட் ஹாப்கின்ஸ் வடிவமைத்த கண்ணாடித் தண்டு லென்ஸ் முறையை ஜெர்மனியின் கார்ல் ஸ்டோர்ஸ் நிறுவனம் 1960களில் கருவியாக்கியது. நாலு மில்லிமீட்டர் குழாயின் நுனியில் கண்ணும் வெளிச்சமும் சேர்ந்தே உள்ளே போயின. 1980களில் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் சைனஸ் நோய்க்கு இதை அன்றாடக் கருவியாக்கிவிட்டார்கள். ஸ்பீனாய்டு சைனஸ் அவர்களுடைய சொந்த வீடு. அதன் பின்சுவரைத் தாண்டினால் பிட்யூட்டரி. பிரான்சின் நான்சி நகரில் ஜான்கோவ்ஸ்கியும் சகாக்களும் 1992இல் மூன்று நோயாளிகளுக்கு எண்டோஸ்கோப்பை மட்டுமே கொண்டு செய்ததை அறிவித்தார்கள். பிட்ஸ்பர்க்கில் நரம்பியல் அறுவை மருத்துவர் ஜோவும், காது மூக்கு தொண்டை மருத்துவர் கராவும் இணைந்து 1997இல் ஐம்பது நோயாளிகளின் முடிவை வெளியிட்ட பிறகு வேகம் கூடியது. நேப்பிள்ஸில் கப்பாபியாங்காவும் தெ திவிட்டீஸும் அதற்கென்று தனிக் கருவிகளையே அமைத்தார்கள். 1910இல் ஹிர்ஷ் திறந்த மூக்குக் கதவை மறுபடியும் மூக்கு மருத்துவர்களே வந்து திறந்தார்கள் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

மேசையருகே நின்று பார்த்தால் இது இப்படி நடக்கிறது. நோயாளி மயக்கத்தில்; மூக்கில் அட்ரினலின் நனைத்த பஞ்சு வைத்துச் சவ்வைச் சுருக்கியாயிற்று. நடு டர்பினேட் எலும்பை ஒதுக்கி, ஸ்பீனாய்டின் இயற்கைத் துளையைக் கண்டுபிடித்து அகலமாக்குகிறார்கள். நடுச்சுவரின் பின்பகுதியில் ஒரு சென்டிமீட்டர் போல எடுத்துவிட்டால் இரு துவாரத்திலிருந்தும் ஒரே இடத்துக்கு வரலாம். ஒருவர் எண்டோஸ்கோப்பைப் பிடித்துக்கொண்டு கழுவிக் கொடுக்க, மற்றவர் இரு கையாலும் வேலை செய்கிறார். திரையில் சேணத்தின் அடிச்சுவர் முழுதாக விரிகிறது. இருபுறமும் கரோட்டிட்டின் புடைப்பு, மேலே பார்வை நரம்பின் புடைப்பு. எலும்பை ட்ரில்லால் மெலிதாக்கி, கெரிசன் என்னும் எலும்பு வெட்டியால் கடித்துக் கடித்து எடுத்து, டூரா என்னும் உறையைத் திறந்ததும் கட்டி தானாகவே வெளியே தள்ளும். பெரும்பாலும் தயிர் பதத்தில் இருக்கும், உறிஞ்சியே எடுக்கலாம். முதலில் அடிப்பகுதியையும் பின்பகுதியையும், பிறகு பக்கங்களை, கடைசியில்தான் மேல்பகுதியை எடுக்க வேண்டும். வரிசை தவறி மேலே முதலில் எடுத்தால் மேற்கூரைச் சவ்வு சரிந்து இறங்கி மீதிக் கட்டியை மறைத்துவிடும். எல்லாம் வந்தபின் நேர்ப்பார்வைக் குழாயை எடுத்துவிட்டு முப்பது பாகையோ நாற்பத்தைந்து பாகையோ சாய்ந்த குழாயை உள்ளே விட்டு மூலைகளைத் தேடுகிறார்கள். நுண்ணோக்கியால் முடியாதது இந்தத் தேடல்தான்.

எண்டோஸ்கோப்பின் தொல்லைகளும் சிறியவை அல்ல. திரையில் தெரிவது தட்டையான படம். ஆழத்தை அனுபவத்தால் ஊகிக்க வேண்டும். முப்பரிமாண எண்டோஸ்கோப் வந்திருக்கிறது, எல்லா இடத்திலும் இல்லை. துளி ரத்தம் லென்ஸில் பட்டால் படம் சிவந்து மறைந்துவிடும். ரத்தம் அதிகமாகக் கசிகிற நேரத்தில், அதாவது கண் மிகவும் தேவைப்படுகிற நேரத்தில், கண் போய்விடுகிறது. இரண்டு மருத்துவர் வேண்டும், இருவரும் பழகியவர்களாக வேண்டும். மூக்குக்குள் திறப்பு பெரிதானதால் சில வாரம் பொருக்குக் கட்டுவதும், சிலருக்கு வாசனை குறைவதும் உண்டு.

எண்கள் என்ன சொல்கின்றன? நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து ஒப்பிட்ட பெரிய சோதனை எதுவும் இந்தத் துறைக்கு வாய்க்கவில்லை. இருப்பவற்றில் கனமானது அமெரிக்காவின் ஏழு மையங்களில், சுரக்காத கட்டிகளுக்கு மட்டும், நோயாளிகளை முன்கூட்டியே பதிவு செய்து நடத்திய டிரான்ஸ்ஃபியர் ஆய்வு. கட்டி முழுதாக எடுக்கப்பட்டது எண்டோஸ்கோப்பில் 83.7 விழுக்காடு, நுண்ணோக்கியில் 80. புள்ளியியல் கணக்கில் வேறுபாடு இல்லை. ஆறு மாதம் கழித்துப் புதிதாக ஹார்மோன் குறைபாடு ஏற்பட்டவர்கள் எண்டோஸ்கோப்பில் 9.7 விழுக்காடு, நுண்ணோக்கியில் 28.4. முதல் எண்களைப் பார்த்து இரண்டும் ஒன்றுதான் என்பவர்கள் இரண்டாவது எண்களைப் படிக்காமல் விடக்கூடாது. ஆயுள் முழுக்க ஹைட்ரோகார்ட்டிசோனும் தைராக்ஸினும் விழுங்குவதா வேண்டாமா என்பது நோயாளிக்குக் கட்டியின் கடைசித் துணுக்கைவிடப் பெரிய விஷயம். நல்ல சுரப்பி எங்கே ஒட்டிக் கிடக்கிறது என்பதை அருகிலிருந்து பார்ப்பது அதைக் காப்பாற்ற உதவுகிறது என்று கொள்ள இடமிருக்கிறது.

இன்னொரு ஆய்வு என் முன்முடிவையே சற்று ஆட்டியது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரிலுள்ள பாரோ நரம்பியல் நிலையத்தில், நீண்ட அனுபவமுள்ள நுண்ணோக்கி மருத்துவர் ஒருவரின் முடிவுகளையும், அனுபவம் குறைந்த, எண்டோஸ்கோப் மட்டும் பயன்படுத்தும் மருத்துவர் ஒருவரின் முடிவுகளையும் 2016இல் ஒப்பிட்டார்கள். கட்டி நீக்கத்தில் இருவரும் ஏறக்குறைய சமம். கருவியைவிடக் கை முக்கியம் என்று அடித்துச் சொல்பவருக்கு இது ஒரு தடை: நல்ல கருவி இளைய கையைக் கொஞ்சம் தூக்கிவிடுகிறது. அதே சமயம், பல ஆய்வுகளைத் தொகுத்த 2013ஆம் ஆண்டு மதிப்பாய்வு ஒன்றில் எண்டோஸ்கோப் பக்கம் ரத்தக்குழாய்ச் சிக்கல் கூடுதலாகத் தெரிந்தது. அகலமாகத் தெரிகிறபோது கை அகலமாகப் போகிறது; போகிற இடத்தில் கரோட்டிட் இருக்கிறது. தெரிவதெல்லாம் எடுக்கத் தக்கதல்ல என்பதைக் கற்கச் சில ஆண்டுகள் ஆகின்றன.

என் கணிப்பைக் கட்டிவாரியாகச் சொல்லிவிடுகிறேன். பார்வை நரம்பை அழுத்தும் பெரிய, சுரக்காத கட்டியில் எண்டோஸ்கோப்பின் மேன்மை தெளிவு. கேவர்னஸ் சைனஸின் உட்சுவரை ஒட்டி வளர்ந்த அக்ரோமெகலிக் கட்டியிலும் அப்படியே; கட்டி அந்த சைனஸுக்குள் எவ்வளவு புகுந்திருக்கிறது என்று வியன்னாவின் நோஸ்ப் 1993இல் வகுத்த தரவரிசையில் நடுத்தரப் படிகளில் இருப்பவை முன்பு எட்டாதவை, இன்று பலவற்றை எட்டலாம். தமனியை முழுக்கச் சூழ்ந்த நான்காம் படியில் எந்தக் கருவியும் முழு வெற்றி தராது. அங்கே மிச்சத்தை வேண்டுமென்றே விட்டு, ஆக்ட்ரியோடைட் போன்ற ஊசிக்கும் காமா நைஃப் கதிர்வீச்சுக்கும் ஒப்படைப்பதே விவேகம். குஷிங் நோயின் சின்னஞ்சிறு கட்டியில் மட்டும் நான் பக்கம் சாயமாட்டேன். எம்.ஆர்.ஐ.யில் தெரியாததைச் சுரப்பியை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் கீறித் தேட வேண்டும். கட்டியைச் சுற்றியிருக்கும் மெல்லிய போலி உறையோடு உருண்டையாகப் பிரித்தெடுக்க வேண்டும். தேர்ந்த மையங்களில் மைக்ரோ அடினோமாவில் எண்பது விழுக்காடு வரை நோய் தணிகிறது. நுண்ணோக்கிக் காலத்திலும் அதே எண், எண்டோஸ்கோப் காலத்திலும் ஏறக்குறைய அதே எண். அங்கே தீர்மானிப்பது பொறுமையும், அறுவைக்கு முன் கட்டி பிட்யூட்டரியில்தான் இருக்கிறது என்று பெட்ரோசல் சைனஸ் ரத்தப் பரிசோதனையால் உறுதிசெய்த நாளமில்லாச் சுரப்பி மருத்துவரும்.

மண்டை திறப்பு ஒழிந்துவிடவில்லை. பக்கவாட்டில் மூளைக்குள் வெகுதூரம் போனவை, கெட்டிப்பட்டு இறங்கி வராதவை போன்ற சிலவற்றுக்கு இன்றும் அதுதான்.

எண்டோஸ்கோப்புக்கு உண்மையான எல்லை விரிவு தந்தது கருவி அல்ல, ஒரு தையல்காரத் தந்திரம். பெரிய கட்டியை எடுத்ததும் மூளைத் தண்டுவட நீர் மூக்கு வழியே ஒழுகக்கூடும். ஒழுகினால் மூளைக்காய்ச்சல் வரலாம். தொடையிலிருந்தோ வயிற்றிலிருந்தோ கொழுப்பை எடுத்து அடைப்பார்கள். பெரிய ஓட்டைக்கு அது போதாது. அர்ஜென்டினாவின் ஹதாதும் பாஸாகஸ்டெகியும் பிட்ஸ்பர்க் குழுவோடு சேர்ந்து 2006இல் வெளியிட்ட முறையில், மூக்கின் நடுச்சுவர்ச் சவ்வை அதன் ரத்தக்குழாய் அறுபடாமல் உரித்து, திருப்பி, ஓட்டையின் மேல் போர்த்துகிறார்கள். உயிருள்ள திசு, ஒட்டிக்கொள்கிறது. நுண்ணோக்கிக் காலத்தில் இந்த வழியாகப் பலரும் கை வைக்கத் தயங்கிய அடிமூளைக் கட்டிகளை இன்று மூக்கு வழியாக எடுக்க முடிவது இந்த மடிப்பால்தான்.

அறுவை முடிந்ததும் வார்டில் தொடங்குவது இன்னொரு பாதி. அதைப் பற்றி யூடியூபில் வீடியோ இல்லை. செவிலியர் ஒவ்வொரு மணிக்கும் சிறுநீரை அளந்து எழுதுகிறார். முதல் இரண்டு நாளில் தண்ணீர் நிறத்தில் லிட்டர் லிட்டராகப் போனால் பின்பகுதிச் சுரப்பி அதிர்ந்திருக்கிறது என்று பொருள். டெஸ்மோபிரெஸ்ஸின் கொடுப்பார்கள், பெரும்பாலும் தற்காலிகம். காலை கார்ட்டிசால் பார்ப்பார்கள். மூக்கைச் சிந்தக்கூடாது, முக்கக்கூடாது, குனிந்து எடை தூக்கக்கூடாது. மூன்று நான்கு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கேதான் ஒரு பொறி. ஒரு வாரம் ஆகும் தறுவாயில் சிலருக்குத் தேங்கிய வாசோப்ரெஸ்ஸின் வெளிப்பட்டு, ரத்தத்தில் சோடியம் சரியும். தலைவலி, குமட்டல், சோர்வு, பேச்சில் குழப்பம் வரும். வீட்டார் ஆபரேஷன் களைப்பு என்று எண்ணி இளநீரும் கஞ்சியுமாகக் குடிக்கக் கொடுப்பார்கள். நீர் சேரச் சேர நிலைமை மோசமாகும், வலிப்பு வரை போகும். ஏழாம் நாளையொட்டி ஒரு சோடியம் பரிசோதனை செய்தால் இது முன்கூட்டியே பிடிபடும். செலவும் அதிகமில்லை.

கை என்று சொன்னேனே, அதற்கும் பழைய எண் ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஐவன் சிரிச்சும் சகாக்களும் 958 நரம்பியல் அறுவை மருத்துவர்களிடம் கேட்டுத் தொகுத்து 1997இல் வெளியிட்டார்கள். இருநூறுக்கும் குறைவாகச் செய்தவர்களிடம் மரண விகிதம் 1.2 விழுக்காடு, இருநூறிலிருந்து ஐநூறு வரை செய்தவர்களிடம் 0.6, ஐநூறைத் தாண்டியவர்களிடம் 0.2. நீர் ஒழுகலும் ஹார்மோன் இழப்பும் அப்படியே படிப்படியாக இறங்கின. அத்தனை பேரும் கிட்டத்தட்ட ஒரே நுண்ணோக்கியைத்தான் பயன்படுத்தினார்கள். ஒரே கருவிக்குள் ஆறு மடங்கு வேறுபாடு. இரண்டு கருவிகளுக்கிடையே இதுவரை யாரும் அப்படியொரு இடைவெளியைக் காட்டவில்லை.

இன்று பயிற்சிக்கு வரும் இளைஞர்கள் எண்டோஸ்கோப்பில்தான் கற்கிறார்கள். இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நுண்ணோக்கியால் இதைச் செய்யத் தெரிந்தவர்களைத் தேட வேண்டியிருக்கும். போட்டி ஒருவகையில் முடிந்துவிட்டது. ஆனால் இன்றைக்கு உங்கள் ஊரில், நுண்ணோக்கியில் அறுநூறு செய்த ஒருவரும் எண்டோஸ்கோப்பில் முப்பது செய்த ஒருவரும் இருந்தால் நான் முதலாமவரிடம் போவேன். இருவரும் சமமான அனுபவம் உள்ளவர்களானால் எண்டோஸ்கோப்.

எனவே மருத்துவரின் எதிரே உட்காரும்போது எந்தக் கருவி என்பதை மூன்றாவது கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி: வருடத்துக்கு எத்தனை பிட்யூட்டரி அறுவை நீங்களே செய்கிறீர்கள்? இரண்டாவது: அறுவைக்கு முன்னும் பின்னும் ஹார்மோனைப் பார்க்கும் மருத்துவர் யார், ஏழாம் நாள் சோடியத்துக்கு எங்கே வர வேண்டும்? கூச்சப்படாமல் கேளுங்கள், இந்த வேலையைத் தினமும் செய்கிறவர்கள் கோபித்துக்கொள்வதில்லை. ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து அனுப்பினால், அதன் பெயரையும் அளவையும் ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலோ வாந்தியோ விபத்தோ நேர்ந்தால் எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் முதலில் அந்த அட்டையைக் காட்டச் சொல்லி வீட்டில் உள்ளவர்களிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.